கோல்ரிட்ஜ் சோம்பேறியாம்... போங்கய்யா!

போன வாரம் தங்கச்சி பொண்ணு போன் பண்ணினாள். பி.ஏ. ஆங்கில இலக்கியம், ரெண்டாம் வருஷம். "மாமா, கோல்ரிட்ஜ் பத்தி அஞ்சு மார்க்குக்கு என்ன எழுதறது? நோட்ஸ்ல இருக்கறத படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க" என்றாள். படித்தாள். பெரிய மேதை. ஆனால் அபினிப் பழக்கம், சோம்பேறித்தனம். எடுத்த காரியம் எதையும் முடிக்காதவர். நண்பர் வேர்ட்ஸ்வொர்த் மாதிரி ஒழுங்காக உழைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்...

எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் மனப்பாடம் பண்ணின அதே வாக்கியம். ஒரு கமா கூட மாறல!

"அப்படியே எழுதிட்டு வந்துடும்மா, மார்க் முக்கியம்"னு சொல்லி போனை வெச்சுட்டேன். (மாமாக்கள் இப்படித்தான்.) ஆனா மனசு ஆறல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஆங்கில இலக்கியம் படிச்ச யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் 1798ன்னு சொல்வாங்க. 'லிரிக்கல் பேலட்ஸ்' வந்த வருஷம், ரொமான்டிக் யுகம் பிறந்த வருஷம். சரி, இருக்கட்டும். ஆனா அந்த யுகத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியணும்னா பார்க்க வேண்டிய வருஷம் 1798 இல்லை. 1800. அந்த வருஷத்தைப் பத்தி எங்க வாத்தியார் அரை நிமிஷம் கூடப் பேசல. "ரெண்டாம் பதிப்பு, புகழ்பெற்ற முன்னுரையோடு வந்தது" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு ஆளை ஓரங்கட்டின கதை இருக்கு.

1798-ஐ வேகமா பார்த்துடலாம். ரெண்டு நண்பர்கள், ஜெர்மனி போகக் காசு வேணும். பிரிஸ்டலில் ஜோசப் காட்டில் என்ற பதிப்பாளர் அச்சடிக்கிறார். அட்டையில் யார் பேரும் கிடையாது. மொத்தம் 23 கவிதைகள். 19 வேர்ட்ஸ்வொர்த்தோடது, 4 கோல்ரிட்ஜோடது. நாலே நாலு தானான்னு கேக்காதீங்க. புத்தகத்தைத் திறந்தா முதல் கவிதையே கோல்ரிட்ஜின் 'ஏன்ஷியன்ட் மாரினர்'. அந்தக் கிழட்டு மாலுமி கல்யாண வீட்டுக்குப் போறவனைப் பிடிச்சு நிறுத்திக் கதை சொல்றானே, அதுதான். கடைசிக் கவிதை வேர்ட்ஸ்வொர்த்தின் 'டின்டர்ன் அபே'. ஒருத்தர் வாசல், இன்னொருத்தர் கொல்லைப்புறம். ஒரே வீடு.

புத்தகம் வெளிவந்தபோது ரெண்டு பேரும் ஊர்லயே இல்லை, கப்பல் ஏறியாச்சு. முதல் அடி சொந்தக்காரன்கிட்டேருந்து விழுந்தது. ராபர்ட் சதே, கோல்ரிட்ஜோட சகலை (அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க), ஒரு பத்திரிகையில பேர் போடாம விமர்சனம் எழுதி 'மாரினரை' கிழிச்சுத் தொங்கவிட்டார். வேர்ட்ஸ்வொர்த்துக்கு வந்த கோபம் என்ன தெரியுமா? நான் பணத்துக்காகத்தான் இந்தப் புத்தகத்தைப் போட்டேன்னு இவனுக்குத் தெரியும், தெரிஞ்சும் இப்படி எழுதிட்டானேன்னு. இதுல ஒண்ணும் தப்பில்லை, பசிச்சவன் கோபம். ஆனா 1799 ஜூன்ல காட்டிலுக்கு அவர் எழுதின கடிதம் வேற ரகம். மொத்தத்துல 'மாரினர்' இந்தப் புத்தகத்துக்குக் கெடுதலாத்தான் முடிஞ்சது, இன்னொரு பதிப்பு வந்தா அதைத் தூக்கிட்டு மக்களுக்குப் பிடிக்கிற மாதிரி சின்னச் சின்னதா ஏதாவது போடலாம்ங்கறார்.

கவனிங்க. முன்னுரையில ஜனங்களோட கெட்டுப்போன ரசனையைத் திட்டப்போற அதே ஆள், அதுக்கு ஒரு வருஷம் முந்தி ஜனங்க ரசனைக்கு ஏத்த மாதிரி சரக்கு மாத்தலாம்ங்கறார்.

இப்ப 1800-க்கு வருவோம்.

அந்த வருஷம் 'சோம்பேறி' கோல்ரிட்ஜ் என்னென்ன செய்தார்னு பார்க்கலாமா? ஆரம்பத்துல லண்டன்ல 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு எழுதறார். பார்லிமென்ட் கேலரியில உட்கார்ந்து பேச்சைக் கேட்டு ரிப்போர்ட் எழுதற வேலையும் உண்டு. அதே நேரத்துல ஷில்லரின் 'வாலன்ஸ்டைன்' நாடகங்களை ஜெர்மன்லேருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டு வர்றார். அந்த வருஷமே அச்சுல வந்துடுச்சு. ஜூலையில குடும்பத்தோட வடக்கே கெஸ்விக் ஊருக்குக் குடி போறார். எதுக்கு? வேர்ட்ஸ்வொர்த் அங்க பக்கத்துல கிராஸ்மியர்ல இருக்கார்ங்கறதுக்காக. நடுவுல சுமார் 20 கிலோமீட்டர். செப்டம்பர்ல ஆண் குழந்தை பிறக்குது. இதுக்கு நடுவுல லிரிக்கல் பேலட்ஸ் ரெண்டாம் பதிப்பு வேலை. அச்சகத்துக்குப் போன கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் பாருங்க. வேர்ட்ஸ்வொர்த் கவிதைகள், பல இடத்துல கோல்ரிட்ஜ் கையெழுத்து! நண்பனோட கவிதையை உட்கார்ந்து நகல் எடுத்து அனுப்பிக்கிட்டு இருக்கார் நம்ம சோம்பேறி. வேர்ட்ஸ்வொர்த் தங்கை டாரதியும் நகல் எடுத்தே கை ஓய்ஞ்சிருப்பாங்க. அது தனிப் பதிவாப் போட வேண்டிய விஷயம்.

இதெல்லாம் போக 'கிறிஸ்டபெல்'. முதல் பாகம் ஏற்கெனவே எழுதியாச்சு. ரெண்டாம் பதிப்புல இது வரணும்னு முடிவு, அதனால ரெண்டாம் பாகத்தை எழுதணும். வரமாட்டேங்குது. அந்தப் பாழாப்போன வாலன்ஸ்டைன் மொழிபெயர்ப்பு என்னை வறட்சியாக்கிடுச்சுன்னு கடிதத்துல புலம்பறார். ஒரு நாள் பக்கத்துல ஒரு பாதிரியார் வீட்ல விருந்து. ஒயின் கொஞ்சம் கூடிப்போச்சு, நிதானமா நிக்கவே சாமர்த்தியம் தேவைப்பட்டுச்சாம். மறுநாள் பார்த்தா கவிதை திரும்பி வந்துடுச்சு. :) (இதைப் படிச்சுட்டு யாரும் முயற்சி பண்ண வேண்டாம், நமக்குத் தலைவலிதான் மிச்சமாகும்.)

ஆகஸ்ட் கடைசியில ஒரு ராத்திரி. டாரதியின் நாட்குறிப்புல இருக்கு. மணி பதினொண்ணு, நல்ல நிலா, அந்தம்மா தோட்டத்துல நடந்துக்கிட்டு இருக்காங்க. கோல்ரிட்ஜ் வந்து நிக்கறார். ரோட்டு வழியா வரல, ஹெல்வெல்லின் மலை மேல ஏறி இறங்கி வந்திருக்கார். அது 950 மீட்டர் உயரம்! வேர்ட்ஸ்வொர்த் படுக்கப் போயாச்சு, எழுந்து அங்கியைப் போட்டுக்கிட்டு வர்றார். விடிகாலை மூணரை வரைக்கும் பேச்சு. நடுவுல கோல்ரிட்ஜ் கிறிஸ்டபெல்லிலிருந்து படிச்சுக் காட்டறார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகும். எழுதினதை ஒருத்தன்கிட்ட படிச்சுக் காட்டறதுக்காக மலை ஏறி இறங்கி வந்த ஆளை எந்த வாயால சோம்பேறின்னு சொல்றீங்க?

அடுத்து அக்டோபர். நாளோட சொல்றேன், பொறுமையா கேளுங்க.

அக்டோபர் 4, சனிக்கிழமை. கோல்ரிட்ஜ் தொப்பலா நனைஞ்சுக்கிட்டு வந்து சேர்றார். முந்தின ராத்திரி பூரா தூங்காம பத்திரிகைக்குக் கட்டுரை எழுதியிருக்கார். கிறிஸ்டபெல் ரெண்டாம் பாகத்தைப் படிக்கறார். எங்களுக்கு அளவில்லாத சந்தோஷம்ங்கற பொருள்ல எழுதறாங்க டாரதி. 5, ஞாயிறு. மறுபடி படிக்கறார். சந்தோஷம் இன்னும் கூடிச்சாம். அன்னிக்குக் காலையில அண்ணனும் தங்கையும் முன்னுரைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதிக்கிட்டு இருந்தாங்க. 6, திங்கள். கிறிஸ்டபெல்லை லிரிக்கல் பேலட்ஸில் அச்சிடுவதில்லை என்று தீர்மானம்.

அவ்வளவுதான். மூணு நாள். தீர்மானிச்சது யார்? அந்த வாக்கியத்துல எழுவாயே இல்லை! நானா, அவரா, நாங்களா, ஒண்ணும் கிடையாது. 'தீர்மானிக்கப்பட்டது'ங்கற மாதிரி ஒரு வரி. நம்ம ஊர்ல கமிட்டி மீட்டிங் மினிட்ஸ் எழுதறவங்களுக்கு இந்த வித்தை நல்லாத் தெரியும்.

ரெண்டாம் நாள் வரைக்கும் அளவில்லாத சந்தோஷம் கொடுத்த கவிதை மூணாம் நாள் எப்படிங்க வேண்டாததா ஆகும்?

காரணம் இருக்கு. அதுல சிலது நியாயமும் கூட. கோல்ரிட்ஜே ஹம்ப்ரி டேவிக்கு (ஆமாம், அந்த விஞ்ஞானி டேவிதான், இந்தப் புத்தகத்துக்கு நிறுத்தற்குறி திருத்தித் தரச் சொல்லி வேர்ட்ஸ்வொர்த் கேட்டதும் அவரைத்தான்) அக்டோபர் 9-ந் தேதி கடிதம் எழுதறார். கவிதை நீண்டுக்கிட்டே போகுது. வேர்ட்ஸ்வொர்த் அதை ரொம்ப உசத்தியா நினைக்கறார், அதனாலேயே தன் பேர் போட்ட புத்தகத்துல இன்னொருத்தர் எழுத்து இவ்வளவு இருக்கறது அழகில்லைன்னு நினைக்கறார். தவிர சாதாரண சம்பவங்களை வெச்சு எழுதிப் பார்க்கிற அந்தப் புத்தகத்தோட நோக்கத்துக்கு இந்தக் கவிதை நேர் எதிர்.

நல்லா பாருங்க, 'தன் பேர் போட்ட புத்தகம்'. 1798-ல பேரே இல்லாத புத்தகம், 1800-ல யாரோட பேர்ல வருது? அட்டையில 'டபிள்யூ. வேர்ட்ஸ்வொர்த் எழுதியது'. ரெண்டு தொகுதி, ஒரே பேர். முன்னுரைக்குள்ள போனா, பலவகை வேணும்ங்கறதுக்காகவும் தன் பலவீனத்தை உணர்ந்தும் 'நண்பர் ஒருவரிடம்' உதவி கேட்டேன், இந்த அஞ்சு கவிதை அவர் கொடுத்ததுன்னு இருக்கு. நண்பர் ஒருவர்! அந்த நண்பருக்கு அப்பா அம்மா பேர் வைக்கலையா? ஊர்க் கல்யாணப் பத்திரிகையிலகூட 'தங்கள் நல்வரவை விரும்பும்' லிஸ்ட்டுல நாலாவது வீட்டுக்காரர் பேர் வந்துடுது.

இதுல இன்னொரு வேடிக்கை. அந்த முன்னுரை இருக்கே, நாமெல்லாம் கவிதைக்கு இலக்கணம்னு மனப்பாடம் பண்ணினது, அதுல பாதி என் மூளையில பிறந்ததுன்னு கோல்ரிட்ஜ் 1802-ல சதேக்கு எழுதறார். எழுதச் சொல்லித் தூண்டினவரும் அவர்தான். ஆக, புத்தகத்தோட தத்துவத்துல பாதி, நகல் எடுத்த உழைப்பு, அச்சகத்தோட மல்லுக்கட்டினது எல்லாம் அவர். அட்டை மட்டும் மத்தவருக்கு.

சரி, கிறிஸ்டபெல் முடியாத கவிதை, அதனால விட்டாங்கன்னே வெச்சுக்குவோம். நியாயம்தான், ஒத்துக்கறேன். முடியாத கவிதையைப் புத்தகத்துல போட நானும் யோசிப்பேன். ஆனா 'மாரினர்' முடிஞ்ச கவிதைதானே? அதை என்ன பண்ணினாங்க?

முதல் இடத்துலேருந்து தூக்கி முதல் தொகுதியோட கடைசிக்கு முந்தின இடத்துல வெச்சாங்க. தலைப்புக்குக் கீழ 'ஒரு கவிஞனின் பகற்கனவு'ங்கற மாதிரி ஒரு துணைத்தலைப்பு வந்து ஒட்டிக்கிச்சு. அது போதாதுன்னு வேர்ட்ஸ்வொர்த் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். படிச்சா ரத்தம் கொதிக்கும். இந்தக் கவிதையோட ஆசிரியருக்கே இதை நீக்கிடணும்னு ஆசை, நான்தான் வெச்சுக்கிட்டேன். இதுல பெரிய குறைகள் உண்டு. முதலாவது, கதாநாயகனுக்குத் தனியா ஒரு குணம் கிடையாது. ரெண்டாவது, அவன் எதையும் செய்யறதில்லை, அவனுக்கு எல்லாம் நடக்குது. மூணாவது, சம்பவங்கள் ஒண்ணுலேருந்து ஒண்ணு பிறக்கல. நாலாவது, படிமங்களை ரொம்பச் சிரமப்பட்டு அடுக்கியிருக்கு. அப்புறம் உணர்ச்சி நல்லாருக்கு, சந்தம் நல்லாருக்குன்னு கொஞ்சம் சர்க்கரை.

புத்தகத்துக்குள்ளேயே, தன் கூட்டாளி கவிதையைப் பத்தி, அவர் பேரைக்கூடச் சொல்லாம, இதில் குறைகள் உண்டுன்னு அச்சடிக்கற ஆளை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? விருந்துக்குக் கூப்பிட்டு இலையைப் போட்டுட்டு, 'இந்தக் கூட்டு பக்கத்து வீட்டுல செஞ்சது, கொஞ்சம் சுமார்தான்' என்று மைக்ல சொன்ன மாதிரி.

ஒருத்தர் மட்டும் அப்பவே தட்டிக் கேட்டார். சார்லஸ் லாம். நம்மளை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியோட லண்டன் ஆபீஸ்ல கணக்கு எழுதின குமாஸ்தா. 1801 ஜனவரி கடைசியில, புத்தகம் கைக்கு வந்ததும் வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதறார். அந்தத் துணைத்தலைப்பு எதுக்கு, நாடகத்துல வேஷம் கட்டினவன் 'நான் நிஜ சிங்கம் இல்லீங்க'ன்னு சொல்ற மாதிரி இருக்குங்கறார். அப்புறம் ஒரு அடி. மாலுமிக்குக் குணம் இல்லையாமே? அவன் பட்ட பாடு அப்பேர்ப்பட்டது. அதுக்கு முன்னாடி அவன் யாரா இருந்தான்ங்கற ஞாபகத்தையே அது அடிச்சுக்கிட்டுப் போயிடும்ங்கறார். இருநூறு வருஷமா பேராசிரியர்கள் பக்கம் பக்கமா எழுதினதை ஒரு குமாஸ்தா ஒரு கடிதத்துல முடிச்சுட்டார். எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.

பதில் உடனே வந்தது. நாலு பக்கம் வேர்ட்ஸ்வொர்த்கிட்டேருந்து, லாமுக்கு ரசனை பத்தலைன்னு. இது எதிர்பார்த்ததுதான். அடுத்து யார் எழுதினாங்கன்னு நினைக்கறீங்க? கோல்ரிட்ஜ்! உடம்பு சரியில்லாமப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து லாமைக் கண்டிச்சு எழுதறார். லாம் இன்னொரு நண்பருக்கு இதைச் சொல்லிச் சிரிக்கறார்: இனிமே லிரிக்கல் பேலட்ஸ் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுப்பா, வட இங்கிலாந்தே கொந்தளிச்சுக் கிடக்குன்னு. அந்தக் காலத்துப் பின்னூட்டச் சண்டை. :)

சிரிப்பு வருது. ஆனா எனக்கு இதுலதான் வயிறு எரியுது. தன் கவிதைக்காகச் சண்டை போட்டவனையே கோல்ரிட்ஜ் திட்டறார். அந்த அளவுக்கு நண்பன் சொன்னதை நம்பிட்டார். 1801 மார்ச்சுல காட்வினுக்கு எழுதின கடிதத்துல, என்னுள்ள இருந்த கவிஞன் செத்துட்டான்ங்கறார். நான் செத்தப்புறம் என் வாழ்க்கையை எழுதச் சொல்லி யாராவது காசு கொடுத்தா, நிஜமான கவிதை எதுன்னு வேர்ட்ஸ்வொர்த் காட்டினார், அதனால தான் கவிஞனே இல்லைன்னு இவன் தெரிஞ்சுக்கிட்டான்னு எழுதிடுங்கங்கறார். அப்ப அவருக்கு வயசு 28.

அந்தக் குளிர்காலத்துலதான் உடம்பு மோசமாகி லாடனம், அதாவது சாராயத்துல கலந்த அபினி, அவரைக் கெட்டியாப் பிடிச்சுக்குது. அதுக்கு முன்னாடியும் எடுத்திருக்கார், இல்லைங்கல. ஆனா நோட்ஸ்ல இருக்கற வரிசையைப் பாருங்க: அபினி, அதனால சோம்பல், அதனால கவிதை நின்னுச்சு. நடந்த வரிசை அதுவா? ராத்திரி பூரா எழுதி, நண்பனுக்கு நகல் எடுத்து, மலை தாண்டிப் போய்ப் படிச்சுக் காட்டி, தள்ளிவிடப்பட்டு, அதுக்கப்புறம் படுத்தார். ஆறு மாசத்துல நடந்தது இது. அபினிதான் காரணம்னு ஒரே அடியாச் சொல்றவங்க இந்த ஆறு மாசத்தை எங்க வைப்பாங்க?

இப்ப ஒரு விஷயம் சொல்லணும். சொல்லாம இந்தப் பதிவை முடிச்சா நான் அயோக்கியன்.

காலேஜ் முடிஞ்ச வருஷம் நானும் ஒரு நண்பனும் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்பு போட்டோம். ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடிச்சது, பெரிசா ஒண்ணுமில்லை. அவன் ஒரு நீளக் கவிதை எழுதியிருந்தான். ஊர்க் கோடியில ஒரு பாழுங்கிணறு, அதுக்குள்ளேருந்து கூப்பிடற குரல்னு. நான் எழுதினதெல்லாம் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, வேலையில்லாத் திண்டாட்டம். லே அவுட் என் கையில. அவன் கவிதையைப் படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவன்கிட்ட, "டேய், இது தனியா வரட்டும்டா, மத்த கவிதைகளோட ஒட்டல" என்றேன். "சரிடா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அட்டை ஒட்ட பசை காய்ச்சிக் கொண்டு வந்ததும் அவன்தான். அதுக்கப்புறம் அவன் எழுதின மாதிரி எனக்குத் தெரியாது. இப்ப எலெக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கான், பார்த்தா கிரிக்கெட் பேசுவோம். அந்தக் கவிதை ஏன் ஒட்டலைன்னு இன்னிக்கு வரைக்கும் அவன் கேட்டதில்லை. ஒட்டாததுக்குக் காரணம் அது என்னோடதை எல்லாம் ஒண்ணுமில்லாம ஆக்கிடும்ங்கறதுதான்.

அதனால 'நோக்கத்துக்கு நேர் எதிர்', 'நடை ஒத்துவரல' என்கிற வார்த்தைகளை யாராவது சொன்னா நான் உடனே நம்பமாட்டேன். எனக்கு அந்த பாஷை தெரியும்.

பின்னூட்டத்துல வேர்ட்ஸ்வொர்த் ரசிகர்கள் வந்து குமுறுவாங்கன்னு தெரியும். கிறிஸ்டபெல் போன இடத்தை நிரப்பத்தான் 'மைக்கேல்' எழுதினார், அது எவ்வளவு பெரிய கவிதைன்னு கேப்பாங்க. பெரிய கவிதைதான்யா. கிழட்டு இடையன், ஊரைவிட்டுப் போன மகன், கட்டி முடிக்காத ஆட்டுப்பட்டி... படிச்சுட்டு நானும் அழுதிருக்கேன். நல்ல கவிதை எழுதினவர் நண்பனுக்கு நல்லது செஞ்சார்னு அர்த்தமாயிடுமா? 'டிஜெக்ஷன்' 1802-ல எழுதினாரே, அப்ப கோல்ரிட்ஜ் எங்க செத்தார்னும் கேப்பாங்க. அந்தக் கவிதை எதைப் பத்தினதுன்னு படிச்சுப் பாருங்க. கவிதை கைவிட்டுப் போச்சேன்னு எழுதின கவிதை அது.

அந்த முன்னுரையோட பெருமை பத்தியும் ஒரு வார்த்தை. கிராமத்து எளிய மனுஷனோட நிஜமான பேச்சுமொழிதான் கவிதைக்கு வேணும்னு சொல்லுதில்லையா? அதே 1800-ல லண்டன்ல ஒரு புத்தகம் வந்தது, 'தி ஃபார்மர்ஸ் பாய்'. எழுதினவர் ராபர்ட் புளூம்ஃபீல்டு. சின்ன வயசுல சஃபோக்ல பண்ணையில வேலை பார்த்த பையன், அப்புறம் லண்டன்ல செருப்புத் தைக்கற தொழிலாளி. மத்த ஆட்களோட உட்கார்ந்து தைச்சுக்கிட்டே மனசுக்குள்ள அடிகளைக் கட்டி வெச்சு அப்புறமா எழுதினவர். மூணு வருஷத்துக்குள்ள சுமார் 26,000 பிரதி போச்சு. லிரிக்கல் பேலட்ஸ் 1800 பதிப்பு? முதல் தொகுதி 750, ரெண்டாவது 1000. இதுல கூத்து என்னன்னா, நிஜமான பண்ணைக்காரப் பையன் எழுதினது பழைய பாணி இரட்டையடிச் செய்யுள்ல! முன்னுரைக்காரர் சொன்ன பேச்சுமொழியில இல்லை. 1823-ல வறுமையில செத்தார். எத்தனை சிலபஸ்ல அவர் பேர் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.

அதே வருஷம் மேரி ராபின்சன், 'லிரிக்கல் டேல்ஸ்' போட்டார். ஒரு காலத்துல புகழ்பெற்ற நடிகை, அப்ப நடக்க முடியாத நோயாளி, மார்னிங் போஸ்ட்ல கவிதைப் பகுதியைப் பார்த்துக்கிட்டவர். தலைப்பு ஒரே மாதிரி ஆயிடுச்சேன்னு வேர்ட்ஸ்வொர்த் தன் புத்தகத்தோட பேரையே மாத்தலாமான்னு யோசிச்சார். கோல்ரிட்ஜின் 'குப்ளா கான்' அச்சாகறதுக்குப் பதினாறு வருஷம் முன்னாடியே கையெழுத்துப் பிரதியில படிச்சு ரசிச்சு அவருக்கு ஒரு கவிதையும் எழுதினவர் இந்தம்மா. மாலுமி கதையும் கிறிஸ்டபெல்லும் யாருக்குப் புரியும்னு கேட்டா, இவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். டிசம்பர் 26-ந் தேதி காலமாயிட்டாங்க, ரெண்டாம் பதிப்பு கடைக்கு வர்றதுக்கு ஒரு மாசம் இருந்தது.

மிச்சக் கதையும் சொல்லிடறேன். 1802 பதிப்புல அந்தக் குறைப் பட்டியல் குறிப்பு சத்தமில்லாமக் காணாமப் போச்சு. வருத்தம்னு ஒரு வார்த்தை கிடையாது. அச்சாகாத கிறிஸ்டபெல்லோ வாய்வழியா ஊர் சுத்துச்சு. யாரோ மனப்பாடமாச் சொல்ல, வால்டர் ஸ்காட் காதுல விழுந்து, அந்தச் சந்தம் பிடிச்சுப்போய் அதே சந்தத்துல 1805-ல 'தி லே ஆஃப் தி லாஸ்ட் மின்ஸ்ட்ரெல்' எழுதினார். விற்பனை பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. கிறிஸ்டபெல் புத்தகமா வந்தது 1816-ல, அதுவும் பைரன் சொல்லி ஜான் மர்ரே போட்டதால. பதினாறு வருஷம்! கோல்ரிட்ஜுக்கு வயசு 43. அதுக்கு அவர் எழுதின முன்னுரையில என்ன சொல்ல வேண்டியிருந்தது தெரியுமா? நான் யாரையும் காப்பியடிக்கலீங்க, இது அதுக்கெல்லாம் முன்னாடியே எழுதினதுன்னு, வருஷக் கணக்கு சொல்லி.

மறு வருஷம், 1817-ல, 'மாரினர்' முதல் தடவையா கோல்ரிட்ஜ் பேரோட அச்சாச்சு. ஓரத்துல புதுசா உரைநடைக் குறிப்புகளும் சேர்த்தார். கவிதை வந்து பத்தொன்பது வருஷம் கழிச்சு.

இதை எழுதி முடிக்கறப்ப தங்கச்சி பொண்ணு மெசேஜ் அனுப்பியிருக்கா. "மாமா, கோல்ரிட்ஜ் வரல. வேர்ட்ஸ்வொர்த் முன்னுரைதான் பத்து மார்க் கேள்வியா வந்துச்சு. நல்லா எழுதிட்டேன்."